நாட்டுக் காவலும் லயத்து வீடும்



சென்ற மாதம் ஒரு நாள் மாலை, பள்ளி விட்டுப் பிள்ளைகள் எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு, ஓர் அம்மையார் எம்மைத் தேடி வந்தார். செம்பனைத் தோட்டத்தில் வெளிக்காட்டு வேலை செய்பவர். அவருடைய மகன் ஆறாண்டுக் காலம் எமது பள்ளியில் படித்தவன். ஐந்தாம் படிவம் முடித்தவுடன், வீட்டில் ஒருவருக்கும் சொல்லாமல், கைப்பேசியிலேயே இராணுவத்துக்கு விண்ணப்பம் செய்துவிட்டான். நேரில் வரும்படி அழைப்பும் வந்துவிட்டது. தாயார் அந்த அழைப்பைத் தாளில் அச்சிட்டு நான்காக மடித்து, முந்தானையில் முடிந்து கொண்டு வந்திருந்தார்.

"சார், பட்டாளத்துக்குப் போனா புள்ள திரும்பி வருமா? அங்க நம்ம ஆளுங்களுக்கு எடமிருக்கா?" என்று கேட்டார்.

இரண்டே கேள்விகள்தாம். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கரும்பலகைக்கு முன் நின்று பழகிய எமக்கு, இரண்டில் ஒன்றுக்குக் கூட உடனே பதில் சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் வாருங்கள் என்று அனுப்பிவிட்டு, அன்றிரவு உட்கார்ந்து யோசித்தோம். அந்த யோசனையைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறோம். ஒரு நாட்டுக்குப் படை எதற்கு, நம் நாட்டின் படை எப்படிப்பட்டது, அதற்கும் நம் லயத்து வீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்பனவே இன்றைய பேச்சு.

தோட்டத்தில் ஜாகா என்று ஒருவர் இருப்பார். இரவெல்லாம் கையில் விளக்கோடு ஆலைக்கும் ஸ்டோருக்கும் இடையே நடந்துகொண்டிருப்பார். வருடக்கணக்கில் ஒரு திருட்டும் நடக்காமல் இருந்தால், "இந்த மனுசனுக்கு எதுக்குச் சம்பளம்?" என்று கேட்கத் தோன்றும். அவர் இருப்பதால்தான் திருட்டு நடக்கவில்லை என்பது அவர் இல்லாத இரவில்தான் புரியும். படையும் ஏறக்குறைய இப்படித்தான். அது சண்டை போடுவதற்காக மட்டும் இருப்பதன்று. சண்டைக்கு வர நினைப்பவன் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும் என்பதற்காகவே பெரும்பாலும் இருக்கிறது.

ஜாகா இல்லாத இரவை நம் நாடு ஒருமுறை கண்டிருக்கிறது. அன்று தூங்கிக்கொண்டிருந்தவர்களில் நம் முன்னோரும் இருந்தார்கள்.

1941-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் தேதி. நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில் கிளந்தான் மாநிலத்துக் கோத்தா பாரு கடற்கரையில் ஜப்பானியப் படை இறங்கியது. அமெரிக்காவின் பேர்ல் துறைமுகத்தில் குண்டு விழுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே நம் கரையில் சண்டை தொடங்கிவிட்டது என்பதைப் பலர் அறியமாட்டார்கள். அந்நாளில் மலாயாவைக் காக்கும் பொறுப்பு பிரிட்டிஷாருடையது. ஆட்கள் குறைவு என்று சொல்ல முடியாது. பிரிட்டிஷார், இந்தியர், ஆஸ்திரேலியர், மலாய்க்காரர் எனத் தற்காத்து நின்றவர்களே எண்ணிக்கையில் அதிகம். ஆனாலும் எழுபதே நாளில், 1942 பிப்ரவரி 15-இல், சிங்கப்பூரும் விழுந்தது.

ஏன் விழுந்தது? இங்கேதான் பாதுகாப்பு என்ற சொல்லின் பொருள் இருக்கிறது. சிங்கப்பூரில் பெரிய கடற்படைத் தளம் கட்டினார்கள்; நிறுத்தி வைக்கப் போதிய கப்பல் இல்லை. கடைசி நேரத்தில் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிப்பல்ஸ்' என்ற இரண்டு மாபெரும் போர்க்கப்பல்கள் வந்தன. அவற்றுக்கு மேலே காவலுக்குப் பறக்க விமானம் இல்லை. டிசம்பர் 10-ஆம் தேதி, குவாந்தானுக்கு அப்பால், ஜப்பானிய விமானங்கள் குண்டும் டார்ப்பிடோவும் வீசி இரண்டையும் ஒரே நாளில் மூழ்கடித்தன. 840 மாலுமிகள் மாண்டனர். கடலில் வலிமை, வானத்தில் ஓட்டை; பயன் ஒன்றுமில்லை.

தரையிலும் அதே கதைதான். தீபகற்பத்தில் நின்ற பிரிட்டிஷ் படையிடம் டாங்கி என்பதே கிடையாது. ஜப்பானியரிடம் இருந்தது. 1942 ஜனவரி 7-ஆம் தேதி சிலிம் ரிவரில், விடிவதற்கு முன்பே, ஜப்பானிய டாங்கிகள் நெடுஞ்சாலையோடு உருண்டு வந்து காவல் நின்றவர்களைச் சிதறடித்தன. சாலையில் தடுத்தால், ரப்பர் தோட்டத்துச் செம்மண் பாதைகளில் புகுந்து பின்பக்கமாக வந்தார்கள். பால்வெட்டுக்காகப் போட்ட பாதைதான் பகைவனுக்கு வழியாயிற்று. மிதிவண்டியிலும் வந்தார்கள். டயர் வெடித்தால் வெறும் இரும்புச் சக்கரத்தோடேயே ஓட்டி வருவார்களாம். இருட்டில் அந்தச் சத்தம் டாங்கி வருவது போலவே கேட்குமாம்.

வீரம் இல்லாமல் தோற்றார்கள் என்று எண்ண வேண்டா. சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங் பகுதியில், புக்கிட் சண்டு என்ற குன்றில், மலாய் ரெஜிமெண்டைச் சேர்ந்த லெப்டினன்ட் அட்னான் பின் சைடியும் அவருடைய வீரர்களும் தோட்டா தீரும்வரை போராடி 1942 பிப்ரவரி 14-இல் மடிந்தார்கள். ஒரு நாளைக்கு முன்பு அந்த வீரம், மறுநாள் சரணாகதி. வீரத்தோடு தளவாடமும், தளவாடத்தோடு திட்டமும் கூடி வராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சரி, துரைமார்கள் தோற்றார்கள், ஜப்பானியர் ஜெயித்தார்கள், நமக்கென்ன என்று கேட்கலாம். நமக்குத்தான் எல்லாம் வந்தது. துரைகள் பலர் ஓடிப் போனார்கள். மற்றவர் சிறைக்குப் போனார்கள். தோட்டத்து மக்கள் எங்கே போவார்கள்? அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கைத் தின்றார்கள். பிறகு சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ரயில் பாதை போடத் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்தார்கள். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்த அந்தப் பாதைக்காக மலாயாவிலிருந்து கொண்டுபோன பல்லாயிரம் பேரில் மிகப் பெரும்பாலோர் நம் தமிழ்த் தொழிலாளர்கள். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் அடியிலும் எத்தனை ஆயிரம் பேர் அந்தக் காட்டில் விழுந்தார்கள்! போர்க் கைதிகளாகப் போன வெள்ளைக்காரருக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. நம்மவருக்கு அப்படி இல்லை.

எங்கள் பாட்டியின் அண்ணன் ஒருவர் அப்படிப் போனவர். பிரட்டுக்களத்துக்குப் போனவரை அங்கேயே லாரியில் ஏற்றிவிட்டார்கள். "மூணு மாசத்துல வந்துடுவாங்கன்னு மண்டோர் சொன்னாரு" என்று பாட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய பால் வெட்டும் உளி எங்கள் வீட்டு இறவாணத்தில் பல வருடம் செருகியே இருந்தது. அதை எடுத்து விளையாடினால் பாட்டி அடிப்பார். பாட்டி வேறு எதற்கும் எங்களை அடித்ததில்லை.

ஆகவே, நேயர்களே, ஒரு நாட்டின் காவல் உடைந்தால் முதலில் லாரியில் ஏற்றப்படுகிறவர்கள் லயத்து வீட்டுக்காரர்கள்தாம். கப்பல் ஏறித் தப்பிக்க வசதி உள்ளவனுக்குப் பாதுகாப்பு ஒரு பேச்சு. நமக்கு அஃது உயிர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஆட்களுக்குத் துப்பாக்கி பிடிக்கத் தைரியமில்லை என்று சிலர் பேசுவதைக் கேட்டிருக்கிறோம். 1943-இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்து இந்திய தேசிய இராணுவத்துக்கு ஆள் சேர்த்தபோது, இந்த மலாயாத் தோட்டங்களிலிருந்து பால்வெட்டுக்காரர்கள் அணியணியாகப் போய்ச் சேர்ந்தார்கள். ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த பெண்களிலும் தோட்டத்துப் பெண்கள் இருந்தார்கள். அது வேறு நாட்டின் விடுதலைக்கான போர். ஆனால் போனவர்கள் நம் லயத்துப் பிள்ளைகள் அல்லவா?

போர் முடிந்து மூன்றாண்டு ஆவதற்குள் அவசரகாலம் வந்தது. 1948 ஜூன் 16-ஆம் தேதி பேராக்கில் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்கார நிர்வாகிகள் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து நாடு முழுவதும் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டு, 12 ஆண்டு நீடித்து, 1960 ஜூலை 31-இல்தான் முடிந்தது. இந்தச் சண்டைக்குப் போர்க்களமே தோட்டமும் காட்டோரமுந்தான்.

இதிலே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. காட்டுக்குள் ஒளிந்திருந்த சில ஆயிரம் பேரை விமானத்திலிருந்து குண்டு போட்டு ஒழிக்க முடியவில்லை. அடர்ந்த காட்டில் குண்டு விழுந்தால் மரந்தான் சாயும். பிறகு 1950-இல் பிரிக்ஸ் என்ற தளபதி வேறு திட்டம் வகுத்தார். காட்டில் இருப்பவனுக்குச் சோறும் செய்தியும் வெளியே இருக்கும் மக்களிடமிருந்துதான் போகிறது. அந்தக் குழாயை அடைத்துவிடு என்பதே திட்டம். காட்டோரத்தில் சிதறிக் கிடந்த சுமார் ஐந்து லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், கம்பி வேலி போட்ட புதுக் கிராமங்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். தோட்டத்து லயங்களையும் ஒன்றாகச் சேர்த்து முள்கம்பி வேலி கட்டினார்கள்.

அந்த வேலிக்குள் வாழ்ந்த கதையைப் பாட்டி சொல்லக் கேட்க வேண்டும். இருட்டினால் வெளியே போகக் கூடாது. காலையில் மரம் வெட்டப் போகும்போது வாயிலில் நிறுத்திச் சோதனை போடுவார்கள். ஒரு கைப்பிடி அரிசிகூட வேலிக்கு வெளியே போகக் கூடாது. கடையில் டின் உணவு வாங்கினால், காட்டுக்குப் போய்ச் சேராதபடி கடைக்காரரே அதில் ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார். வயிற்றுப் பிள்ளைக்காரிகூடக் காலையில் வேலிக்குள் எதையாவது குடித்துவிட்டு, உச்சிவெயில்வரை பட்டினியோடு பால் எடுத்து வந்ததாகப் பாட்டி சொன்னார். பக்கத்திலே காட்டுக்காரன் பயம், எதிரிலே சோதனைக்காரன் பயம்.

அந்தச் சண்டையை வென்ற கதையைப் புத்தகத்தில் படிக்கும்போது தளபதிகளின் பெயர்கள் வரும். அவர்கள் திறமையை நாம் மறுக்கவில்லை. புதிய குடியுரிமை, 1957-இல் வந்த சுதந்திரம், இவையும் காட்டில் இருந்தவர்களின் வாதத்தைப் பலமிழக்கச் செய்தன. ஆனால் வேலிக்குள் பசியோடு காத்திருந்தவர்களும் அந்த வெற்றிக்கு விலை கொடுத்தவர்களே. அவர்களைப் பற்றிப் புத்தகத்தில் ஒரு பாராவுக்கு மேல் இருப்பதில்லை. அதனால்தான் இங்கே கொஞ்சம் நீட்டிச் சொன்னோம்.

இனி, நம் நாட்டுப் படையைப் பார்ப்போம். மலேசிய ஆயுதப் படைக்கு அரசியல் சட்டப்படி உச்சத் தலைவர் மாமன்னர். தரைப்படை, கடற்படை, ஆகாயப்படை என மூன்று பிரிவு.

தரைப்படைதான் மூத்தது. 1933 மார்ச் 1-ஆம் தேதி போர்ட்டிக்சனில் 25 இளைஞர்களைக் கொண்டு, ஒரு பரிசோதனையாகத் தொடங்கியதுதான் மலாய் ரெஜிமெண்ட். "இவர்கள் சிப்பாயாகத் தேறுவார்களா, பார்ப்போம்" என்ற நினைப்பில் வெள்ளைக்காரர் தொடங்கியது. அட்னான் எப்படித் தேறினார் என்று மேலே பார்த்தோம். அரச மலாய் ரெஜிமெண்டில் இன்றும் மலாய்க்காரர்களே சேரலாம். அதைக் கேட்டுவிட்டுத்தான் பலர் இராணுவமே அப்படித்தான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது தவறு. ரேஞ்சர் ரெஜிமெண்ட் எல்லா இனத்தாரும் சேரும் காலாட்படை. அன்றியும், கவசப் படை, பீரங்கிப் படை, பொறியியல், தகவல் தொடர்பு, மருத்துவம், வாகனம் பழுதுபார்த்தல் எனப் பல பிரிவுகள் இருக்கின்றன. ஒரு சிப்பாய் முன்னே நின்று சுட வேண்டுமென்றால், அவன் பின்னே சமைப்பவர், லாரி ஓட்டுபவர், ரேடியோ பார்ப்பவர், காயத்துக்குக் கட்டுப் போடுபவர் எனப் பலர் வேண்டும்.

கடற்படையின் வேர் 1934-இல் தொடங்கிய ஒரு தொண்டர் படை. நம் நாட்டின் வரைபடத்தைப் பிள்ளைகளின் புத்தகத்தில் பாருங்கள். ஒரு பாதி இங்கே, மறு பாதி சபா, சரவாக். நடுவே தென்சீனக் கடல். இந்தப் பக்கம் மலாக்கா நீரிணை, உலகக் கப்பல்கள் வரிசையாகப் போகும் வழி. நமக்கு மீன் அங்கே, எண்ணெய் அங்கே. ஆகவே கடலைக் காக்காமல் நாட்டைக் காப்பது என்பது, கதவைப் பூட்டிவிட்டுச் சுவரை எடுத்துவிடுவது போல.

1965-இல் சிங்கப்பூர் பிரிந்தபோது நம் கடற்படைக்கு ஒரு விசித்திரமான நிலை ஏற்பட்டது. நம் கடற்படையின் முக்கியத் தளம் சிங்கப்பூரின் உட்லண்ட்சில் இருந்தது. அதாவது, வீடு நமது, வாசற்படி அடுத்த வீட்டில்! பிறகு பேராக்கில் லூமுட்டில் பெரிய தளம் கட்டப்பட்டது. அந்த மாறுதல் காலத்தில், 1967 டிசம்பரில், கடற்படையின் முதல் மலேசியத் தளபதியாகப் பொறுப்பேற்றவர் யார் தெரியுமா? கே. தணபாலசிங்கம். தமிழர். அப்போது அவருக்கு வயது 31. 1976 வரை அப்பொறுப்பில் இருந்தார். எமது பள்ளியில் இந்தப் பெயரை நாம் சொன்னபோது, பிள்ளைகள் முதலில் நம்பவில்லை.

2009-இல் நம் கடற்படையில் 'துங்கு அப்துல் ரஹ்மான்', 'துன் ரசாக்' என்ற இரண்டு நீர்மூழ்கிக் கப்பல்கள் சேர்க்கப்பட்டன. அவை சபாவில் செப்பாங்கார் தளத்தைச் சேர்ந்தவை. இரும்புக் கப்பல் எப்படி மூழ்கி மறுபடி மேலே வருகிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். பால்வாளியைத் தொட்டித் தண்ணீரில் நிமிர்த்தி விட்டுக் காட்டுங்கள். வெறும் வாளி மிதக்கும். உள்ளே தண்ணீர் புகுந்தால் அமிழும். நீர்மூழ்கியின் பக்கங்களில் தொட்டிகள் உண்டு. கடல்நீரை உள்ளே விட்டால் கப்பல் இறங்கும். அழுத்திய காற்றால் அந்த நீரை வெளியே தள்ளினால் ஏறும். எங்கே இருக்கிறது என்று எதிரிக்குத் தெரியாது என்பதே அதன் பலம்.

ஆகாயப்படை 1958-இல் பிறந்தது. 'டுவின் பயனியர்' என்ற சிறு விமானம் ஒன்றுதான் முதல் சொத்து. பின்னாளில் ரஷ்யாவின் சுக்கோய் போர் விமானங்கள் 18 வந்தன. ஆனால் நம் மக்கள் மனத்தில் நின்றது போர் விமானமன்று, நூரி ஹெலிகாப்டர்தான். 1968 முதல் 2020 வரை, அரை நூற்றாண்டுக்கு மேல், காட்டுக்குள் இருந்த வீரர்களுக்கு அரிசி இறக்கியதும், காயப்பட்டவர்களை ஏற்றி வந்ததும் நூரிதான். வெள்ளம் வந்தால் கூரைமேல் ஏறி நின்ற குடும்பங்களைத் தூக்கி வந்ததும் அதுவே. 2014 டிசம்பரில் கிளந்தான் வெள்ளத்தில் இராணுவம் என்ன செய்தது என்பதை நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள்.

இத்தனைக்கும் பணம் வேண்டும். மழை வந்தால் எமது பள்ளியின் மூன்றாம் வகுப்பறையில் இரண்டு வாளி வைக்கிறோம். அந்த நேரத்தில் ஒரு போர் விமானத்தின் விலையை நாளிதழில் படித்தால் மனம் என்னவோ செய்கிறது. மறைத்துப் பயனில்லை. பாதுகாப்புக்குச் செலவு தேவைதான். ஆனால் செலவழித்த காசுக்குக் கணக்கும் தேவை. கடற்படைக்கு ஆறு போர்க்கப்பல் கட்ட ஒப்பந்தம் போட்டு, 608 கோடி ரிங்கிட் கொடுத்த பிறகும் ஒரு கப்பல்கூட வந்து சேரவில்லை என்று 2022-இல் நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு அறிக்கை வெளியிட்டது. கணக்குக் கேட்பது துரோகமன்று. 1941-இல் கப்பலில்லாத தளத்தைப் பற்றி யாரும் சரியாகக் கணக்குக் கேட்காததன் பலனைத்தான் நம் முன்னோர் அனுபவித்தார்கள்.

சிறிய நாடு தனியாக நிற்க முடியாது. ஆகவே நட்பும் ஒரு காவல். 1971-இல் மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்து நாடுகளும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டன. மலேசியாவோ சிங்கப்பூரோ தாக்கப்பட்டால் ஐவரும் உடனே கலந்து பேச வேண்டும் என்பது அதன் சாரம். கலந்து பேசுவதுதான், ஓடி வந்தே தீருவோம் என்ற சத்தியமன்று. அடுத்த வீட்டுக்காரர் நல்லவர்தான். என்றாலும் நம் வீட்டுக்கு நாம்தான் தாழ்ப்பாள் போட வேண்டும்.

இப்பொழுது அந்தத் தாயின் முதல் கேள்விக்கு வருவோம். திரும்பி வருவானா?

பொய் சொல்லக் கூடாது. 1968 முதல் 1989 வரை மீண்டும் ஒரு கம்யூனிஸ்டு எழுச்சியை நம் வீரர்கள் எதிர்த்தார்கள். தாய்லாந்து எல்லைக் காடுகளில் புதைத்து வைத்த கண்ணிகளில் காலை இழந்தவர்கள் உண்டு. உயிரை இழந்தவர்கள் உண்டு. 1989 டிசம்பர் 2-இல் ஹாட்யாயில் கையெழுத்தான உடன்படிக்கையோடு அது முடிந்தது. ஐக்கிய நாட்டு அமைதிப் பணிக்கு 1960-இல் காங்கோவுக்குப் போனது முதல் பல நாடுகளுக்கு நம் படை போயிருக்கிறது. 1993 அக்டோபரில் சோமாலியாவின் மொகாடிஷு நகரில் சிக்கிக்கொண்ட அமெரிக்க வீரர்களை மீட்க, நம் வீரர்கள் கவச வண்டியோட்டி அந்தத் தெருக்களுக்குள் போனார்கள். அன்று மாட் அஸ்னான் அவாங் என்ற நம் வீரர் உயிர்நீத்தார். 2013-இல் சபாவின் லகாட் டத்துவில் ஆயுதத்தோடு ஊடுருவிய கூட்டத்தை விரட்டும்போதும் காவல் துறையினரும் இராணுவத்தினரும் மாண்டனர். ஆகவே ஆபத்து உண்டு. அதே நேரத்தில், சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பணி முடித்து ஓய்வூதியத்தோடு வீடு திரும்பியவர்களே என்பதும் உண்மை. சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தவருக்கு 21 ஆண்டுச் சேவைக்குப் பிறகு ஓய்வூதியம் உண்டு. இரண்டையும் சேர்த்துத்தான் தாய் முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாம் கேள்வி, நம்மவருக்கு இடமிருக்கிறதா என்பது. இதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால், ஒரு தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. தவறு எம்முடையது.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னால், எமது ஆறாம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். ஓட்டத்தில் அவனை மிஞ்ச வட்டாரத்தில் ஆளில்லை. என்ன ஆகப் போகிறாய் என்று கேட்டதற்கு, எழுந்து விறைப்பாக நின்று, "சோல்ஜர், சார்" என்றான். வகுப்பே சிரித்தது. நாமும் சிரித்தோம். "அதெல்லாம் நமக்குக் கிடைக்காதுப்பா, வேற ஏதாவது சொல்லு" என்றோம். எந்தப் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னோம்? எந்த அலுவலகத்தில் விசாரித்துச் சொன்னோம்? ஒன்றுமில்லை. யாரோ சொன்னதைக் கேட்டு, நாமும் சொன்னோம்.

சில வருடங்களுக்கு முன் ஜொகூர் பாருவில் ஒரு வணிக வளாகத்துக்குப் போயிருந்தோம். வாசலில் காவலாளி ஒருவர் எம்மைக் கண்டதும் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். அதே பையன். "சார், ஏதோ இந்த யூனிபாரமாவது கெடச்சுது" என்று சிரித்தான். அவன் எம்மைக் குறை சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் எமக்கு இலேசாக இருந்திருக்கும்.

படையில் இந்தியர் தொகை குறைவு என்பது உண்மை. காரணம் பலவற்றைச் சொல்கிறார்கள். விவரம் தெரிவதில்லை, மலாய்மொழியில் தயக்கம், சாப்பாட்டைப் பற்றிய பயம், பதவி உயர்வு கிடைக்குமா என்ற ஐயம். கடைசியில் சொன்ன ஐயத்தை நாம் ஊதித் தள்ள விரும்பவில்லை. தணபாலசிங்கம் ஒருவர் தளபதியானார் என்பதால் எல்லாருக்கும் வழி திறந்திருக்கிறது என்று சொல்வது சரியாகாது. அரசியல் சட்டத்தின் 136-ஆம் பிரிவு, கூட்டரசுப் பணியில் ஒரே தரத்தில் இருப்பவர்களை இனம் பாராமல் நடுநிலையோடு நடத்த வேண்டும் என்கிறது. எழுத்தில் இருப்பது நடப்பில் எவ்வளவு இருக்கிறது என்பதை, பணியில் இருக்கும் நம்மவரையும் ஓய்வு பெற்ற நம்மவரையும் தேடிப் போய்க் கேளுங்கள். கேட்காமலே கதவை நாமே சாத்திவிடுவதுதான் எம்மைப் போன்றவர்கள் செய்த பிழை.

போக விரும்பும் பிள்ளைகளுக்கு மூன்று செய்தி. மலாய்மொழியைத் தயங்காமல் பேசப் பழகட்டும். தேர்வில் முதலில் விழுவது அங்கேதான். உடம்பை இப்போதே கவனிக்கட்டும். பல், கண், பாதம், மார்பு எல்லாவற்றையும் பார்ப்பார்கள். சொத்தைப் பல்லைக் கடைசி வாரத்தில் சரி செய்ய முடியாது. நீந்தக் கற்றுக்கொள்ளட்டும். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஓடத் தெரிகிறது, நீந்தத் தெரிவதில்லை. நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் சிப்பாயாகத்தான் சேர வேண்டும் என்பதில்லை. சுங்கை பெசியில் அரச இராணுவக் கல்லூரி இருக்கிறது. தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகமும் 2006 முதல் அங்கேயே இருக்கிறது. பெண்பிள்ளைகளும் அதிகாரிகளாகலாம்.

இவற்றையெல்லாம் மறுநாள் அந்த அம்மையாரிடம் சொன்னோம். முழுவதும் கேட்டார். தலையை ஆட்டவுமில்லை, மறுக்கவுமில்லை. பிறகு முடிச்சை அவிழ்த்து, அந்தத் தாளை மேசைமேல் விரித்து, "இதுல என்னென்ன கொண்டாரச் சொல்லியிருக்கு, படிச்சுச் சொல்லுங்க சார்" என்றார். பிறப்புப் பத்திரம், அடையாளக் கார்டு, பள்ளிச் சான்றிதழ், ஓடுவதற்குக் காலணி என்று ஒவ்வொன்றாகப் படித்தோம். காலணி என்றதும், "இருக்கிறது கிழிஞ்சிருக்கே" என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். தேர்வு நாளன்று காலை ஆறு மணி பேருந்தில் மகனோடு தாமும் ஏறிப் போனதாகப் பிறகு அறிந்தோம். முடிவு இன்னும் வரவில்லை.